மெய்நிகர் அரட்டை உலகங்களும் எமது வளரிளம் பிள்ளைகளும்



சுகநலப் பகுதி என்றதும் நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், கொலஸ்ரரோல் என்பவைதான் எமக்கு முதலில் நினைவுக்கு வரும். இம்முறை, எந்தக் குருதிப் பரிசோதனையிலும் பிடிபடாத ஒரு விடயத்தை எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் நுழைந்து உலாவும் மெய்நிகர் அரட்டை உலகங்கள், அவர்கள் மற்றவர்களோடு பழகும் விதத்தை எப்படி மாற்றுகின்றன என்பதே அது.

பிளேஸ்டோவிலும் அயலிலுள்ள ஈஸ்ற்ஹாம், மனோர்பார்க் பகுதிகளிலும் வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் தாயும் தகப்பனும் வேறு வேறு நேரங்களில் வேலைக்குப் போகிறார்கள். ஒருவர் இரவு வேலை முடிந்து வரும்போது மற்றவர் புறப்படுகிறார். வீடும் சிறியது, வெளியில் விடவும் பயம். பிள்ளை அறைக்குள் பத்திரமாக இருக்கிறான் என்று நாம் ஆறுதல் அடைகிறோம். ஆனால் அந்த அறையின் கதவு பூட்டியிருந்தாலும் இன்னொரு கதவு உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

அரட்டை உலகம் என்றால் என்ன?

சாதாரண அரட்டையில் எழுத்து மட்டுமே இருக்கும். மெய்நிகர் உலகத்தில் பிள்ளைக்கு ஓர் உருவமும் இருக்கிறது. அதை அவதாரம் என்கிறார்கள். எமது மொழியில் கடவுளருக்குச் சொல்லும் அதே சொல்தான். பிள்ளை அந்த உருவத்துக்கு உடை, தலைமுடி, முகம் எல்லாம் தெரிவு செய்து, அதன் மூலம் நடக்கிறது, விளையாடுகிறது, வீடு கட்டுகிறது, மற்றவர்களோடு பேசுகிறது.

இது புதிய விடயம் அல்ல. பின்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று உருவாக்கிய ஹபோ ஹொட்டேல் 2001 இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்டது. 2005 இல் கனடாவில் கிளப் பென்குயின் வந்தது. அதை 2007 இல் டிஸ்னி நிறுவனம் வாங்கி, 2017 இல் மூடிவிட்டது. இலண்டனிலேயே உருவான மொஷி மொன்ஸ்ரர்ஸ் 2008 இல் தொடங்கி 2019 இல் முடிவுக்கு வந்தது. இன்று முப்பது வயதைத் தாண்டிய பெற்றோர் சிலர் தாமே இந்த உலகங்களில் விளையாடி வளர்ந்தவர்கள்.

இன்றைய பிள்ளைகள் ரொப்லொக்ஸ், மைன்கிராஃப்ற், ஃபோட்நைற் போன்றவற்றில் கூடுகிறார்கள். விளையாடும்போதே பேசுவதற்கு டிஸ்கோர்ட் போன்ற செயலிகளையும் பயன்படுத்துகிறார்கள். ரொப்லொக்ஸை மட்டும் 2025 இல் நாளொன்றுக்கு 100 மில்லியனுக்கும் அதிகமானோர் பயன்படுத்தினார்கள். ஆகவே 'எங்கள் பிள்ளை அதற்குள் போவதில்லை' என்று எண்ணுவதை விட, போகிறது என்று வைத்துக்கொண்டு அதைப் பற்றி அறிந்துகொள்வதே நல்லது.

வளரிளம் பருவம் ஏன் வேறுபட்டது?

பதினொரு, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, பெற்றோரின் கருத்தை விட நண்பர்களின் கருத்து பிள்ளைக்குப் பெரிதாகத் தெரியத் தொடங்குகிறது. இது கெட்ட குணம் அல்ல, வளர்ச்சியின் ஒரு பகுதி.

அமெரிக்காவின் ரெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ட்னர், ஸ்ரைன்பேர்க் ஆகியோர் 2005 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை மூன்று வயதுப் பிரிவினருக்குக் கொடுத்தார்கள். 13 முதல் 16 வயதானவர்கள், நண்பர்கள் அருகில் இருந்தபோது, தனியே விளையாடியதை விட மிக அதிகமான ஆபத்தான முடிவுகளை எடுத்தார்கள். 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அந்த வேறுபாடு பெரிதாகக் காணப்படவில்லை. அரட்டை உலகத்தில் நண்பர் கூட்டம் எப்போதும் அருகில்தான் இருக்கிறது என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இன்னோர் ஆய்வு எமது நகரத்திலேயே நடந்தது. இலண்டன் யூனிவர்சிற்றி கல்லூரியைச் சேர்ந்த சாரா ஜேன் பிளேக்மோர் முதலானோர், கணினித் திரையில் மூவர் பந்து எறிந்து விளையாடும் எளிய விளையாட்டைப் பயன்படுத்தினார்கள். சிறிது நேரத்தின் பின் மற்ற இருவரும் பந்தைத் தங்களுக்குள் மட்டும் எறிந்துகொள்வார்கள். உண்மையில் அவர்கள் மனிதரே அல்லர், கணினிதான் அப்படிச் செய்தது. 2010 இல் வெளியான முடிவின்படி, இவ்வாறு ஒதுக்கப்பட்ட வளரிளம் பெண்பிள்ளைகளின் மனநிலை, வளர்ந்த பெண்களுடையதை விட அதிகமாகப் பாதிக்கப்பட்டது. 'விளையாட்டில் சேர்க்கவில்லை என்பதற்கெல்லாம் அழுவதா?' என்று நாம் கேட்பது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும். எமக்கு அது வெறும் திரை. பிள்ளைக்கு அது பாடசாலை முற்றம்.

பழகும் விதம் எப்படி மாறுகிறது?

*முதலாவது, தடை தளர்தல்.* முகம் தெரியாத இடத்தில் மனிதர் துணிந்து பேசுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜோன் சூலர் 2004 இல் இதனை விரிவாக எழுதினார். பெயர் தெரியாமை, உருவம் தெரியாமை, 'இது உண்மை அல்ல, விளையாட்டுத்தானே' என்ற எண்ணம், மேலே ஒருவர் இல்லை என்ற உணர்வு என்பன அவர் கூறிய காரணங்களுள் சில. இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அங்கே தன் கவலையைச் சொல்கிறது. நேரில் ஒருவரையும் ஏசாத பிள்ளை அங்கே கூசாமல் ஏசுகிறது.

*இரண்டாவது, அவதாரம் ஆளை மாற்றுதல்.* ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் யீ, ஜெரமி பெயிலன்சன் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், அழகான அவதாரம் கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களுக்கு அருகில் சென்று தம்மைப் பற்றிக் கூடுதலாகப் பேசினார்கள். உயரமான அவதாரம் பெற்றவர்கள் பணம் பங்கிடும் பேரத்தில் விடாப்பிடியாக நின்றார்கள். குட்டையான அவதாரம் பெற்றவர்கள் நியாயமற்ற பங்குக்கும் உடன்பட்டார்கள். இதில் பங்குபற்றியவர்கள் வளர்ந்தவர்கள். அவர்களே சில நிமிடங்களில் இப்படி மாறினால், தான் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் அந்த மாற்றம் எவ்வளவு இலகுவாக நிகழக்கூடும்!

*மூன்றாவது, முகம் வாசிக்கும் பழக்கம்.* கண் கலங்குவது, குரல் தளர்வது, பேச்சை நிறுத்துவது போன்றவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் மற்றவர் மனதை அறியப் பழகுகிறோம். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் பிரிவைச் சேர்ந்த யால்டா உல்ஸ் முதலானோர் 2014 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திரை எதுவும் இல்லாத முகாமில் ஐந்து நாட்கள் தங்கிய பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், வழமை போல வீட்டிலிருந்த பிள்ளைகளை விட, முகக்குறிப்பை அறிவதில் கூடுதலாக முன்னேறினார்கள். திரை இல்லாததா, நண்பர்களோடு நேரில் கூடியிருந்ததா இதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நேரில் பழகும் நேரம் குறையக்கூடாது என்பது தெளிவு.

*நான்காவது, நித்திரை.* 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும். எமது நண்பர்கள் உறங்கும் நேரத்தில் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் விழித்திருக்கிறார்கள். அரட்டை உலகத்துக்கு இரவே இல்லை. காலையில் எரிந்து விழும் பிள்ளை பல நேரம் குணம் கெட்ட பிள்ளை அல்ல, நித்திரை கெட்ட பிள்ளை.

நன்மையே இல்லையா?

உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் ரொபேர்ட் கிரவுட் குழுவினர் 1998 இல் வெளியிட்ட ஆய்வு, இணையத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தியவர்களிடம் தனிமையும் மனச்சோர்வும் சற்றுக் கூடியதாகச் சொன்னது. ஆனால் அதே குழுவினர் அந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2002 இல் எழுதியபோது, அந்தப் பாதிப்புகளில் பெரும்பாலானவை மறைந்துவிட்டிருந்தன. வேறொரு பிரிவினரிடம் செய்த ஆய்வில், ஏற்கனவே கலகலப்பாகப் பழகுபவர்கள் இணையத்தால் நன்மை அடைந்தார்கள், ஒதுங்கிய சுபாவம் உள்ளவர்களுக்கு அது பாதகமாக அமைந்தது.

ஆய்வாளர்கள் ஏமி ஓர்பன், அன்ட்ரூ பிரஷிபில்ஸ்கி ஆகியோர் 2019 இல் மிகப் பெரிய தரவுத் தொகுதிகளை ஆராய்ந்து, வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் காணப்படும் வேறுபாடுகளில் அதிகபட்சம் 0.4 வீதத்தையே தொழில்நுட்பப் பாவனையோடு தொடர்புபடுத்தலாம் என்றார்கள். 2022 இல் ஓர்பனும் வேறு ஆய்வாளர்களும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது, சமூக ஊடகப் பாவனை கூடினால் ஓராண்டின் பின் வாழ்க்கைத் திருப்தி குறையும் நிலை சில வயதுகளில் தெளிவாகத் தெரிந்தது. பெண்பிள்ளைகளுக்கு 11 முதல் 13, ஆண்பிள்ளைகளுக்கு 14, 15, இருபாலாருக்கும் 19 என்பனவே அந்த வயதுகள்.

ஆகவே 'எல்லாப் பிள்ளைகளும் கெட்டுப்போகிறார்கள்' என்பதும் பிழை, 'ஒன்றும் நடக்காது' என்பதும் பிழை. எந்தப் பிள்ளை, எந்த வயதில், எந்த மனநிலையில், யாரோடு பேசுகிறது என்பதே கேள்வி. ரொறன்ரோவிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் மச்சான், மச்சாள்மாரோடு சேர்ந்து விளையாடும் பிள்ளைக்கு அது உறவைக் காக்கும் பாலமாகவும் அமையலாம்.

அருகில் நடந்த ஒரு துயரம்

பிளேஸ்டோவுக்கு அடுத்த நிலையமான வெஸ்ற்ஹாமில் ஏறினால் புகையிரதம் எசெக்ஸில் உள்ள கிறேஸ் என்ற ஊருக்கு நேரே போகும். 2014 பெப்ரவரியில் அங்கே நடந்ததை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

சறே பகுதியைச் சேர்ந்த பிரெக் பெட்னர் என்ற 14 வயதுச் சிறுவன், பாடசாலை நண்பர்களோடு இணையத்தில் கூடி விளையாடிப் பேசிவந்தான். அந்தக் குழுவை நடத்தியவன் தன்னைப் பெரிய கணினி நிறுவனம் நடத்துபவன் என்று சொல்லிக்கொண்ட 18 வயது இளைஞன். காலப்போக்கில் பிரெக்கின் குணம் மாறியது. குடும்பத்தோடு சேர்வதைக் குறைத்தான், வீட்டு வேலை செய்ய மறுத்தான், பெற்றோரின் சொல்லை விட அந்தக் குரலின் சொல்லை நம்பினான். தாயார் லோரின் லஃபேவ் இதைக் கவனித்தார், கட்டுப்பாடுகள் விதித்தார், 2013 டிசம்பரில் பொலிசாரிடமும் முறையிட்டார். அந்த முறைப்பாடு உரிய முறையில் கையாளப்படவில்லை. அதற்காகப் பொலிசார் பின்னர் மன்னிப்புக் கோரினர். அயலில் உள்ள நண்பன் வீட்டில் தங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பிரெக் ராக்சியில் கிறேஸுக்குப் போனான். மறுநாள் அங்கே கொலை செய்யப்பட்டான். குற்றவாளிக்கு 2015 ஜனவரியில் ஆகக் குறைந்தது 25 ஆண்டுகளுடன் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

மகனின் பெயரில் அமைப்பொன்றை உருவாக்கி, பாடசாலை பாடசாலையாகச் சென்று அந்தத் தாய் இன்று பிள்ளைகளோடு பேசுகிறார். இத்தகைய கொலை மிக அரிது. ஆனால் அதற்கு முந்திய படிகள் அரிதானவை அல்ல. புகழ்வது, நம்பிக்கை ஊட்டுவது, வீட்டாரோடு பகைக்க வைப்பது, இரகசியம் காக்கச் சொல்வது என்று அவை மெல்ல மெல்ல நகரும். 2012 இல் சனல் 4 செய்திப் பிரிவு ஹபோ ஹொட்டேலில் நடந்த ஆபாசப் பேச்சுகளை வெளிக்கொணர்ந்தபோது, அந்த நிறுவனம் சில காலம் அரட்டை முழுவதையுமே நிறுத்தி வைக்க நேர்ந்தது.

எமது வீடுகளுக்கே உரிய சிக்கல்

தமிழில் நாம் ஒருவரோடு பேசத் தொடங்கும்போதே உறவு வந்துவிடுகிறது. அண்ணா, அக்கா, மாமா, அன்ரி என்று கூப்பிடும்போது அவருடைய வயதையும் இடத்தையும் அறிந்துதான் கூப்பிடுகிறோம். அரட்டை உலகத்தில் இந்த அடையாளம் எதுவும் இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையும் முப்பது வயது ஆளும் ஒரே உயரப் பொம்மையாக நிற்கிறார்கள். உறவு தெரியாமல் நெருக்கம் வருகிறது.

அடுத்தது, 'பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே' என்று நாம் பழக்கியிருக்கிறோம். மரியாதை நல்லது. ஆனால் தவறாக நடக்கும் பெரியவரிடம் 'முடியாது' என்று சொல்லவும் பழக்க வேண்டும்.

மூன்றாவது, 'சனம் என்ன சொல்லும்' என்ற பயம். பிள்ளையை மிரட்டுபவனுக்கு எமது மானப் பயமே ஆயுதம். படம் ஒன்றை வாங்கிவிட்டு, 'காசு தா, இல்லையென்றால் உன் குடும்பத்துக்கு அனுப்புவேன்' என்று மிரட்டும் குற்றம் பெருகியதால், தேசிய குற்றத் தடுப்பு முகவரகம் 2024 ஏப்ரலில் பாடசாலைகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. 14 முதல் 18 வயது ஆண்பிள்ளைகளே இதில் அதிகம் குறிவைக்கப்படுகிறார்கள். அம்மாவும் அப்பாவும் அறிந்தால் தாங்க மாட்டார்கள் என்று எண்ணும் பிள்ளை தனியே தவிக்கிறது. அந்தத் தனிமைதான் உயிருக்கே ஆபத்தானது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

நாம் அறைக்குள் வந்ததும் திரையை மாற்றுதல், நேரில் பார்த்திராத ஒருவரின் பெயரை அடிக்கடி சொல்லுதல், காரணம் தெரியாத பரிசுகள் அல்லது விளையாட்டுப் பணம், நண்பர்களை நேரில் சந்திக்க விருப்பமின்மை, இரவில் விழித்திருத்தல், படிப்பில் திடீர் வீழ்ச்சி, தொலைபேசி அடித்ததும் பதற்றம். இவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் பதற வேண்டாம். பல சேர்ந்து வந்தால் அமைதியாகப் பேசத் தொடங்குங்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. பிள்ளையை ஆசிரியராக்குங்கள். 'உன் உலகத்தை எனக்குக் காட்டு' என்று கேட்டு அரை மணித்தியாலம் அருகில் இருந்து பாருங்கள். குறை சொல்லாமல் பாருங்கள்.

2. இரவில் எல்லாத் தொலைபேசிகளும் வரவேற்பறையில் சார்ஜ் ஏறட்டும், பெற்றோருடையதும் உட்பட. நித்திரைக்கு ஒரு மணித்தியாலம் முன்பே திரையை நிறுத்த வேண்டும் என்று பிரித்தானிய குழந்தைநல வைத்தியர்களின் அரச கல்லூரி 2019 இல் அறிவுறுத்தியது. மொத்தம் இத்தனை மணித்தியாலம் என்று எல்லை விதிக்காமல், நித்திரையும் குடும்ப நேரமும் கெடுகின்றனவா என்று பார்க்கும்படியே அது சொன்னது.

3. நான்கு சிவப்பு விளக்குகளைச் சொல்லிக் கொடுங்கள்: இரகசியம் காக்கச் சொன்னால், வேறு தனிச் செயலிக்கு வரச் சொன்னால், பரிசு தந்தால், படம் கேட்டால், அங்கேயே நிறுத்து, வீட்டில் சொல்.

4. கணக்குத் திறக்கும்போது உண்மையான வயதைக் கொடுங்கள். பொய் வயது கொடுத்தால் பிள்ளைகளுக்கான பாதுகாப்புகள் இயங்கமாட்டா. ரொப்லொக்ஸில் அரட்டை செய்வதற்கு வயதை உறுதிப்படுத்தும் முறை 2026 ஜனவரியில் உலகளவில் வந்துள்ளது. பிள்ளைக்காக உங்கள் முகத்தைக் காட்டி அதைத் தாண்ட உதவாதீர்கள்.

5. 'என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல். நான் ஏச மாட்டேன், போனைப் பறிக்க மாட்டேன்' என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். போன் பறிபோகும் என்ற பயமே பல பிள்ளைகளின் வாயை அடைக்கிறது.

6. எடுப்பதோடு நில்லாமல் கொடுக்கவும் வேண்டும். பூங்காவில் கிரிக்கெற், தமிழ்ப் பாடசாலை, கோவில் திருவிழாவில் தொண்டு, சமையலில் உதவி என்று நேரில் பழகும் இடங்களை உருவாக்குங்கள்.

சட்டமும் உதவியும்

பாலியல் நோக்கோடு 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு பெரியவர் ஒருவர் செய்தி பரிமாறுவதே குற்றம் என்ற சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நேரில் சந்திக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2023 இல் நிறைவேறிய இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளைகளைப் பாதுகாக்கும் கடமைகள் 2025 யூலை 25 முதல் நிறுவனங்கள் மீது சுமத்தப்பட்டுள்ளன. அதனை ஒஃப்கொம் மேற்பார்வை செய்கிறது.

மிரட்டல் வந்தால் காசு கொடுக்க வேண்டாம், தொடர்பை நிறுத்துங்கள், செய்திகளை அழிக்க வேண்டாம், அவைதான் சாட்சி. உடனடி ஆபத்து என்றால் 999. பிள்ளைகள் தாமாகவே பேச சைல்ட்லைன் 0800 1111, இது இலவசம். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் படங்களை இணையத்திலிருந்து நீக்கவும் சைல்ட்லைன் மூலம் விண்ணப்பிக்கலாம். பெற்றோருக்கு என்எஸ்பிசிசி 0808 800 5000. சந்தேகமான தொடர்புகளை தேசிய குற்றத் தடுப்பு முகவரகத்தின் சியொப் பிரிவுக்கு இணையம் வழியாக அறிவிக்கலாம். பாடசாலையிலும் பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார்.

மனச்சோர்வு, பதற்றம் என்றால் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். மனநல நெருக்கடியில் 111 ஐ அழைத்து அதில் மனநலத் தெரிவை எடுக்கலாம். விளையாட்டை நிறுத்தவே முடியாத நிலைக்கு, 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான தேசிய சுகாதார சேவைச் சிகிச்சை நிலையம் 2019 இலிருந்து இலண்டனில் இயங்குகிறது. ஆங்கிலம் சிரமம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். பிள்ளையின் பிரச்சினையைப் பிள்ளையைக் கொண்டே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

இரவுச் சாப்பாட்டில் பேசுவதற்குச் சில கேள்விகள்

- நீ அங்கே பேசுபவர்களில் எத்தனை பேரை நேரில் பார்த்திருக்கிறாய்?
- உன் அவதாரம் உன்னைப் போன்றதா? எதில் வேறுபடுகிறது?
- அங்கே யாரையாவது சேர்க்காமல் விடும்போது நீ என்ன செய்வாய்?
- நேரில் சொல்ல முடியாத ஒன்றை அங்கே சொல்லியிருக்கிறாயா?
- உனக்குப் பயம் வந்தால் வீட்டில் யாரிடம் முதலில் சொல்வாய்?

கடைசிக் கேள்விக்குப் பிள்ளை உடனே ஒரு பெயர் சொன்னால், அந்த வீட்டில் பாதி வேலை முடிந்துவிட்டது. சொல்லத் தயங்கினால் கோபிக்க வேண்டாம். அந்தப் பெயராக நாம் ஆவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இன்றிரவே தொடங்குவோம்.